கல்வீட்டுச் சுவருக்கு சிமென்ட் பூசச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கல்வீடுகளைச் செப்பனிடுவது பற்றித் தங்கள் வீட்டுப் பராமரிப்பு இணைப்பில் வந்த குறிப்புகளில், சுவரில் ஓதம் (நிலத்திலிருந்தோ மழையிலிருந்தோ வரும் ஈரம்) ஏறினால் பழைய காரையைக் கொத்திவிட்டு நீர்க்காப்புக் கலவை சேர்த்த சிமென்ட் பூசினால் போதும் என்று ஒரு யோசனை இருந்தது. கான்கிரீட் தூண் வீட்டுக்கு அது ஓரளவு பொருந்தலாம். சுண்ணாம்பிலோ மண்ணிலோ கட்டிய சிறிய கல்வீட்டுக்கு இதைவிடக் கெடுதலான யோசனை கிடையாது. நம்பிச் செய்துவிட்டால், பூசியதைப் பிரித்தெடுக்கும் வேலை முதலில் இருந்த பழுதைவிடப் பெரிதாகிவிடும். அதனால் சற்று நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது. இடம் கருதி வெட்டுவதானால் வரலாற்றுப் பகுதியை வெட்டுங்கள். கலவைக் கணக்கை விட்டுவையுங்கள்.

முதலில் அந்தச் சுவர் எப்படிக் கட்டப்பட்டது என்று தெரிந்திருக்க வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் முழுக்கக் கல்லாகத் தெரிந்தாலும், பெரும்பாலான பழைய கல்வீடுகளில் இருப்பது இரட்டைச் சுவர். வெளிமுகத்துக்கு ஒரு வரிசை, உள்முகத்துக்கு ஒரு வரிசை, நடுவயிற்றில் சில்லுக் கல்லும் சாந்தும் மண்ணும் போட்டு நிரப்பியிருப்பார்கள். மொத்தத் தடிமன் 450 முதல் 600 மி.மீ. வரை இருக்கும். இந்த இரண்டு முகங்களும் ஆளுக்கொரு பக்கம் சாயாமல் பிடித்துவைப்பவை பிணைப்புக் கற்கள். சுவரின் ஒரு முகத்திலிருந்து மறு முகம்வரை, குறைந்தது தடிமனில் மூன்றில் இரண்டு பங்காவது ஓடும் நீளக் கற்கள் இவை. ஒரு சதுர மீட்டருக்கு ஒன்றாவது இருந்தால் நல்ல கட்டு. கல் தட்டுப்பாட்டிலோ அவசரத்திலோ இதைக் குறைத்துக் கட்டிய சுவர்கள்தான் பின்னாளில் வயிறு தள்ளுகின்றன.

அஸ்திவாரம் என்று தனியாக எதிர்பார்க்கக் கூடாது. மேல்மண்ணை வழித்துவிட்டு, கெட்டி மண் வந்ததும் பெரிய பெரிய கற்களைப் படுக்கப் போட்டு அதன்மேலேயே சுவரைத் தூக்கியிருப்பார்கள். அரை மீட்டர் ஆழம்கூட இல்லாமல் நூறாண்டு தாண்டி நிற்கும் வீடுகள் நிறைய. ஓதத்தைத் தடுக்கும் படலம் என்ற ஒன்று அந்தக் கட்டுமானத்தில் கிடையாது. கரடுமுரடான கற்களைக் கொண்டு கட்டிய சுவரின் கன அளவில் கால் முதல் மூன்றில் ஒரு பங்கு வரை சாந்துதான். கல்வீடு என்கிறோம், அதில் கணிசமான பகுதி சுண்ணாம்பும் மணலும் மண்ணும்.

இந்தக் கால் பங்குதான் வீட்டைக் காப்பாற்றுகிறது. மழை அடித்தால் சுவரின் வெளிமுகம் சில செ.மீ. ஆழத்துக்கு நனையும். மழை விட்டதும் வெயிலும் காற்றும் அந்த ஈரத்தை இழுத்துக்கொள்ளும். தரையிலிருந்து ஏறும் கொஞ்ச ஈரமும் அப்படித்தான் போகும். வருவதும் போவதும் ஈடாக இருக்கும்வரை சுவருக்கு ஒன்றும் ஆகாது. மணற்கல், சுண்ணாம்புக்கல் சுவர்களில் கல்லின் வழியாகவும் ஈரம் வெளியேறும். கருங்கல்லில் நுண்துளை பெரும்பாலும் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அங்கே ஈரத்துக்கு இருக்கும் ஒரே வாசல் கல்லிடுக்கில் இருக்கும் சாந்து. 'கருங்கல் கெட்டிதானே, சிமென்ட் வைத்தால் என்ன' என்று கேட்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. கல் எவ்வளவு கெட்டியோ அவ்வளவுக்குச் சாந்து மூச்சுவிட வேண்டும்.

அந்த வாசலை சிமென்ட் அடைத்துவிடுகிறது. ஒரு பங்கு சிமென்டுக்கு மூன்று பங்கு மணல் சேர்த்த சாந்து 28 நாளில் ஒரு சதுர மி.மீ.க்கு 15 நியூட்டனுக்கும் மேல் தாங்கும். நீற்றிய சுண்ணாம்புச் சாந்து 2 நியூட்டனைத் தொட்டாலே அதிகம். வலுவானது நல்லதுதானே என்று தோன்றும். ஆழமில்லாத அஸ்திவாரத்தில் நிற்கும் சுவர் பருவத்துக்குப் பருவம் துளித்துளியாக அசையும். சுண்ணாம்புச் சாந்து அந்த அசைவுக்கு இடங்கொடுக்கும். மயிரிழை வெடிப்பு வந்தாலும் மழைநீரில் கரையும் சுண்ணாம்பு அதே வெடிப்பில் மறுபடி படிந்து ஓரளவு அடைத்துக்கொள்ளும். சிமென்ட் இடங்கொடுக்காது. கல்லை ஒட்டிய ஓரத்தில் விரிசல் விடும். மெல்லிய விரிசல் மழைநீரை உறிஞ்சி இழுக்கும், ஆனால் காயவிடாது. உள்ளே தங்கிய ஈரம் மண்ணிலும் கல்லிலும் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு, திறந்திருக்கும் ஒரே வழியான கல்லின் முகத்துக்கு வரும். அங்கே நீர் ஆவியாகும், உப்பு படிகமாகும், படிகம் வளர்ந்து கல்லைப் பொருக்குப் பொருக்காகத் தள்ளும். குளிர்நாடுகளில் இதே ஈரம் உறைந்து விரிந்து இந்த வேலையை இன்னும் வேகமாகச் செய்யும். இருபது முப்பது வருடம் முன்பு சிமென்ட் பாயிண்டிங் (கல்லிடுக்குகளைச் சாந்தால் நிரப்பும் வேலை) செய்த மணற்கல் சுவரைப் பக்கத்தில் நின்று பாருங்கள்: கல் விரற்கடை அளவு உள்வாங்கியிருக்கும், இடுக்கில் வைத்த சிமென்ட் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். விரலால் தேய்த்தால் கல் மாவாக உதிரும். சிமென்ட் அப்படியே இருக்கும்.

வரலாறு சுருக்கமாக. களிமண் கலந்த சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் நீருக்கடியிலும் இறுகும் சுண்ணாம்பு கிடைக்கும் என்பதை இங்கிலாந்தின் எடிஸ்டோன் கலங்கரை விளக்கத்துக்காகப் பொறியாளர் ஜான் ஸ்மீட்டன் 1756இல் சோதித்துக் கண்டார். போர்ட்லண்ட் சிமென்டுக்கு ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்றது 1824இல். அதன்பிறகும் வெகுகாலம் சாதாரண வீடுகளுக்குச் சுண்ணாம்பே அன்றாடச் சாந்தாக இருந்தது. பழைய கட்டடங்களைச் சுரண்டிப் புதிதாக்கும் வழக்கத்தை எதிர்த்து வில்லியம் மோரிஸும் பிலிப் வெப்பும் லண்டனில் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கியது 1877இல். எந்தப் பொருளில் கட்டப்பட்டதோ அதே பொருளில் செப்பனிடு, மாற்றுவதைவிட ஒட்டுப்போட்டுக் காப்பாற்று என்ற அணுகுமுறை அங்கிருந்து பரவியது.

சுவரைத் தொடுவதற்கு முன்னால் தண்ணீரைக் கவனிக்க வேண்டும். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மி.மீ. மழை பெய்தால் ஒரு லிட்டர். 50 சதுர மீட்டர் கூரையில் 20 மி.மீ. மழை விழுந்தால் ஆயிரம் லிட்டர். கூரை விளிம்புக் கால்வாய் ஒரு இடத்தில் உடைந்திருந்தால் அந்த ஆயிரத்தில் பெரும்பங்கு ஒரே மூலைச் சுவரில் இறங்கும். 'ஓதம் ஏறுகிறது' என்று கூப்பிடும் வீடுகள் பலவற்றில் ஓதம் ஏறவில்லை, இறங்குகிறது. நல்ல மழையில் குடையோடு வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்தால் பாதிக் காரணம் கண்ணுக்குத் தெரிந்துவிடும்: நிரம்பி வழியும் கால்வாய், பின்பக்கம் பிளந்திருக்கும் இரும்புக் குழாய், குழாய் வாயிலிருந்து சுவரடியில் கொட்டும் நீர், தெறித்து நனைந்த கீழ்வரிசைக் கற்கள். இரும்புக் குழாயைச் சுவரோடு ஒட்டி வைத்திருந்தால் அதன் பின்பக்கத்தை யாரும் வண்ணம் தீட்டியிருக்க மாட்டார்கள். துரு அங்கேதான் தொடங்கும். குழாய்க்கும் சுவருக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் இடம் விட்டு மாட்ட வேண்டும்.

அடுத்தது தரைமட்டம். நூறாண்டில் வீட்டைச் சுற்றி மண், குப்பை, தோட்ட உரம், மேலே மேலே போட்ட நடைபாதை எல்லாம் சேர்ந்து வெளித்தரை உயர்ந்துவிடும். வெளித்தரை உள்தரையைவிட 150 மி.மீ.யாவது தாழ்ந்திருக்க வேண்டும், 200 இருந்தால் நல்லது. உயர்ந்திருந்தால் வெட்டி எடுங்கள். பல வீடுகளில் இந்த ஒரு வேலையோடு உள்சுவர் ஓதம் பாதிக்கு மேல் அடங்கிவிடும், சாந்து ஒரு கரண்டி செலவில்லாமல். சுவரை ஒட்டிப் போட்ட சிமென்ட் நடைபாதையும் இதே தொல்லைதான். நிலத்து ஈரம் மேலே போக வழியில்லாமல் சுவர் பக்கம் திரும்பும். சுவரிலிருந்து 300 மி.மீ. அகலத்துக்கு உடைத்தெடுத்து, கழுவிய 20 மி.மீ. ஜல்லியை நிரப்பலாம்; மழை தெறிப்பதும் குறையும்.

சரிவு வீட்டை நோக்கி இருந்தால் ஜல்லி வடிகால் தேவை. அகலம் 300 மி.மீ., அடியில் துளைபோட்ட 100 மி.மீ. குழாய், நூறுக்கு ஒன்று என்ற சாய்வு, சுற்றிலும் மண் புகாத வடிகட்டித் துணி, மேலே ஜல்லி. இதில் நடக்கும் மோசமான தவறு அஸ்திவாரக் கல்லுக்கும் கீழே தோண்டுவது. முன்பே சொன்ன மாதிரி அந்த அஸ்திவாரம் ஆழமற்றது. பக்கத்து மண்ணை எடுத்தால் கல் நழுவும். முதலில் ஒரு இடத்தில் சிறு குழி போட்டுக் கடைசிக் கல் எங்கே முடிகிறது என்று பார்த்துவிட்டு, வடிகாலின் அடிமட்டத்தை அதற்கு மேலேயே நிறுத்துங்கள். முடியாதென்றால் சுவரைவிட்டு ஒரு மீட்டராவது தள்ளிக்கொண்டு போங்கள்.

இவ்வளவும் செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். 25 மி.மீ. தடிமன் காய ஒரு மாதம் என்பது பழைய தோராயக் கணக்கு. 500 மி.மீ. சுவர் என்றால் ஒன்றரை ஆண்டுக்கு மேல். இந்தப் பொறுமை இல்லாததால்தான் நீர்க்காப்புக் கலவை விற்பனையாகிறது. சுவரில் துளையிட்டு ரசாயனம் ஏற்றும் முறை கல்லும் சில்லும் வெற்றிடமுமாக உள்ள நடுவயிற்றில் ஒரே சீரான தடுப்பாக ஒருபோதும் படியாது. திரவம் பள்ளம் பார்த்து ஓடிவிடும். சிலிகோன் தெளிப்பு, கீழ்ச்சுவருக்குத் தார் பூசுவது இரண்டும் வேண்டாம்.

ஈரமானியை நம்பி முடிவெடுப்பதும் தவறு. இரண்டு ஊசி குத்திப் பார்க்கும் கருவி மரத்துக்காக அளவீடு செய்யப்பட்டது. அது மின்கடத்தலை அளக்கிறது. சுவரில் உப்பு இருந்தால், சுவர் காய்ந்திருந்தாலும் சிவப்பு விளக்கு எரியும். ஒரு துண்டு சாந்தை உள்ளிருந்து துளையிட்டெடுத்து கால்சியம் கார்பைடு முறையில் (ஈரத்தோடு சேர்ந்து உண்டாகும் வாயுவின் அழுத்தத்தை அளப்பது) சோதித்தால் நம்பகமான எண் கிடைக்கும். கறை இருக்கும் உயரமும் நிறையச் சொல்லும். தரையிலிருந்து ஒரு மீட்டர்வரை படுக்கைவாட்டில் ஒரே சீராக இருந்தால் நில ஈரம் என்று சந்தேகிக்கலாம். மேலே தொடங்கிக் கீழே கூம்பி வந்தால் கூரை, கால்வாய். குளிர்ந்த மூலைகளிலும் பீரோவுக்குப் பின்னாலும் கரும்பூஞ்சை படர்ந்தால் அது வீட்டுக்குள் உண்டாகும் நீராவி. ஜன்னலைத் திறப்பதுதான் வைத்தியம். மழைநாளில் மட்டும் ஈரமாகி வெயிலில் காயும் திட்டு உப்புத்திட்டாக இருக்கும். முன்பு கால்நடை கட்டிய அறைகளிலும், புகைபோக்கிச் சுவரிலும் இது சகஜம். அந்த உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

இனி பாயிண்டிங். பழைய சாந்து கெட்டியாக இருந்தால் தொடாதீர்கள். சாவியால் கீறினால் லேசாக உதிர்வது சுண்ணாம்புச் சாந்தின் இயல்பு; விரலால் தோண்ட வந்தால்தான் பழுது. மொத்தச் சுவரையும் ஒரேயடியாகச் சுரண்டிப் புதிதாக்கச் சொல்லும் ஒப்பந்தக்காரரிடம் எதற்கு என்று கேளுங்கள். பெரும்பாலும் மழை அடிக்கும் பக்கமும், கீழ்வரிசையும், புகைபோக்கி உச்சியும்தான் வேலை கேட்கும்.

சுரண்ட வேண்டிய ஆழம் இடுக்கின் அகலத்தைப்போல் இரு மடங்கு, எப்படியும் 25 மி.மீ.க்குக் குறையக் கூடாது. அரை அங்குலம் சுரண்டி மேலே தடவியது இரண்டாம் வருடமே பட்டையாக உரிந்து விழும். மெல்லிய உளியும் ஒரு கிலோவுக்கு மிகாத சுத்தியும் போதும். இடுக்கின் நடுவில் தொடங்கி ஓரத்துக்குப் போக வேண்டும். ஓரத்தில் தொடங்கினால் கல்லின் விளிம்பு தெறிக்கும். அறுவைச் சக்கரம் சுற்றும் இயந்திரம் நேரத்தை மிச்சப்படுத்தும், கல்லைக் கெடுக்கும். வளைந்து வளைந்து போகும் இடுக்குகளில் அதை நேராகச் செலுத்த முடியாது. கல்லில் விழும் வெட்டு என்றைக்கும் மறையாது. இடுக்கின் அடி சதுரமாக இருக்க வேண்டும், ஆங்கில 'வி' எழுத்து வடிவில் குவியக் கூடாது. முன்பு வைத்த சிமென்ட் கல்லோடு இறுகப் பிடித்திருந்தால் ஒரு சதுர மீட்டரில் மட்டும் எடுத்துப் பாருங்கள். கல்லும் கூட வந்தால் நிறுத்திவிடுங்கள். அது தானாகத் தளரும்வரை விட்டுவைப்பதே குறைந்த கேடு.

சுரண்டியதைத் தூரிகையால் தூசி போகத் தட்டி, மேலிருந்து கீழாக நீர் தெளிக்க வேண்டும். அழுத்தத்தோடு பீய்ச்சும் குழாய் வேண்டாம். நடுவயிற்றில் மண்சாந்து உள்ள சுவரில் அது உள்ளே ஓடி மண்ணைக் கரைத்துக்கொண்டு வந்துவிடும். முந்தின நாள் மாலை ஒருமுறை, வேலைக்கு அரைமணி முன்பு ஒருமுறை தெளித்தால் போதும். கல் நனைந்திருக்க வேண்டும், நீர் மினுங்கக் கூடாது. காய்ந்த கல் சாந்தின் நீரை உறிஞ்சிவிடும். பிறகு சாந்து இறுகாது, வெறும் மணலாகக் கிடக்கும். சுண்ணாம்பு வேலை தோற்றுப்போவதற்கு முதல் காரணம் இதுதான். பழி மட்டும் சுண்ணாம்பின்மேல் விழுகிறது.

எந்தச் சுண்ணாம்பு? சுண்ணாம்புக்கல்லை ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸில் சுட்டால் கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும்: 100 கிலோ தூய கல்லிலிருந்து 56 கிலோ. அது 18 கிலோ நீரை ஏற்று 74 கிலோ நீறாகும். நீற்றும்போது நீர் கொதிக்கும் என்பதால் இன்னும் நிறைய நீர் தேவை. நீரில்தான் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். சுண்ணாம்பின்மேல் நீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் பக்கத்தில் நிற்கக் கூடாது. அதன் காரத்தன்மை 12.4 பிஎச் அளவு; கண்ணில் பட்டால் பார்வை போகும். உடனே ஏராளமான நீரால் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் போக வேண்டும். நீறிய களியைச் சலித்து, மேலே ஒரு விரற்கடை நீர் நிற்கும்படி மூடிவைத்தால் கெடாது. மூன்று மாதமாவது ஊறட்டும். நீறாத துணுக்குகள் உள்ளே இருந்தால் சுவருக்குப் போனபிறகு நீறி, சிறு சிறு குழிகளாகத் தெறிக்கும்.

இந்தக் களிச் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுத்தான் கல்லாகும்; அதற்கு வாரங்களும் மாதங்களும் ஆகும். உள்வேலைக்கும் மென்மையான கல்லுக்கும் இதுவே சிறந்தது. மழை நேராக அடிக்கும் சுவர், புகைபோக்கி, தரையை ஒட்டிய வரிசை ஆகியவற்றுக்கு நீரில் இறுகும் இயற்கைச் சுண்ணாம்பு வேண்டும். ஐரோப்பியத் தர அளவில் அது என்.ஹெச்.எல். 2, 3.5, 5 என்று மூன்று வகையாக வருகிறது. எண்கள் 28 நாளில் சதுர மி.மீ.க்கு இத்தனை நியூட்டன் என்று இருக்க வேண்டிய குறைந்தபட்ச வலுவைக் குறிப்பவை. சாதாரணச் சுவருக்கு 2 அல்லது 3.5 போதும். 5 என்பதைப் புகைபோக்கி உச்சிக்கும் கெட்டிக் கருங்கல்லுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். 'கொஞ்சம் சிமென்டும் போட்டுக்கொள்ளலாம், சீக்கிரம் இறுகும்' என்று கொத்தனார் சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம். சிறிதளவு சிமென்ட் போட்ட சுண்ணாம்பு இரண்டின் குறையையும் சேர்த்துக்கொள்ளும்.

மணல்தான் சாந்தின் எலும்பு. கூர்முனையுள்ள, பொடியும் நடுத்தரமும் பருமனும் கலந்த மணலாக இருக்க வேண்டும். பெரிய பருக்கை இடுக்கின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. கடல் மணல் ஆகாது. ஒரு கண்ணாடிக் குப்பியில் பாதி மணலும் மேலே நீரும் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். வண்டல் படிந்தபின் அது மணல் உயரத்தில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் இருந்தால் கழுவ வேண்டும். சுண்ணாம்பு எவ்வளவு என்பதையும் மணலே சொல்லும். நன்றாகக் காய்ந்த மணலை ஒரு லிட்டர் அளந்து, விளிம்புவரை நீர் நிற்கும்படி ஊற்றுங்கள். ஊற்றிய நீர் 330 மி.லி. என்றால் மணலுக்கு நடுவே உள்ள வெற்றிடம் மூன்றில் ஒரு பங்கு. ஒன்றுக்கு மூன்று கலவை. 400 மி.லி. பிடித்தால் ஒன்றுக்கு இரண்டரை. சுண்ணாம்பு அந்த வெற்றிடத்தைத்தான் நிரப்புகிறது என்பதால் மூன்று வாளி மணலும் ஒரு வாளி களியும் சேர்ந்தால் நான்கு வாளி வராது. மூன்று வாளியும் சொச்சமும்தான். மதிப்பீடு போடும்போது பலர் இங்கே கோட்டைவிடுகிறார்கள். கரடுமுரடான கற்சுவரின் முகப்பில் இடுக்குகள் கால் பங்கு என்று வைத்தால், 25 மி.மீ. ஆழத்துக்கு ஒரு சதுர மீட்டருக்கு ஆறேகால் லிட்டர். ஆழக் குழிகளும் சிந்துவதும் சேர்த்துப் பத்து லிட்டர் என்று கணக்கிடுங்கள்.

நீரைக் குறைத்து நிறைய நேரம் கலக்க வேண்டும். குறைந்தது இருபது நிமிடம். உருட்டிப் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், கையில் ஈஷக் கூடாது. களிச் சாந்து முதலில் வறண்டதாகத் தெரியும். அடித்துக் கலக்கக் கலக்க நெகிழும். அதற்குள் நீரை ஊற்றிவிட்டால் காயும்போது சுருங்கி வெடிக்கும்.

இடுக்கின் அகலத்துக்குத் தக்க மெல்லிய கரணையால் உள்ளிருந்து அமுக்கி வைக்க வேண்டும். ஒரே தடவையில் 20 மி.மீ.க்கு மேல் வைக்க வேண்டாம். ஆழமான குழியானால் முதல் அடுக்கு இறுகியபின் அடுத்தது. அகலமான இடுக்கில் வெறும் சாந்தை நிரப்பாமல் அதே வகைக் கல்லின் சில்லுகளை அடித்துச் செருக வேண்டும். சாந்தும் மிச்சம், சுருக்கமும் குறைவு. முகப்பைக் கல்லின் விளிம்புக்குச் சற்று உள்ளே நிறுத்துங்கள். கல்லின்மேல் வழியவிட்டு, கயிறு ஒட்டிய மாதிரி புடைப்பாகக் கோடு போடும் அலங்காரப் பாயிண்டிங் கல்வீட்டுக்குச் செய்யும் துரோகம். ஒவ்வொரு புடைப்பும் மழைநீரைத் தாங்கிச் சுவருக்குள் அனுப்பும் ஒரு சிறு திண்ணை.

முடிக்கும் நேரம் முக்கியம். கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கக் கூடாது, நகத்தால் கீறினால் கோடு விழ வேண்டும். அந்தப் பதத்தில் கெட்டி மயிர்த்தூரிகையின் முனையால் குத்திக் குத்தித் தட்டுங்கள். தேய்க்கக் கூடாது. மேலே மிதந்த சுண்ணாம்புப் படலம் உடைந்து மணல் தெரியும். காற்று உள்ளே போகும். சுருங்கி வந்த நுண்வெடிப்பும் மூடிக்கொள்ளும். கரணையால் பளபளவென்று இழுத்துவிட்ட முகப்பு கண்ணுக்கு அழகு, உள்ளே இறுகாது. அதன்பிறகு நனைத்த கோணிச் சாக்கைச் சுவரில் படாமல் தொங்கவிட்டு, களிச் சாந்தானால் ஒரு வாரத்துக்குக் காயாமல் காக்க வேண்டும். வெப்பம் 5 டிகிரிக்குக் கீழே போகும் காலத்தில் வேலையே வேண்டாம். கடும் வெயிலில் நிழல் போகும் திசையைப் பின்தொடர்ந்து வேலை செய்யலாம்.

வயிறு தள்ளிய சுவருக்கு இதெல்லாம் மருந்தல்ல. தூக்குக்குண்டைக் கூரையடியிலிருந்து விட்டு, அரை மீட்டருக்கு ஒரு தடவை இடைவெளியை அளந்து எழுதுங்கள். உள்முகம் நேராக நிற்க வெளிமுகம் மட்டும் புடைத்திருந்தால் இரண்டு முகமும் பிரிந்துவிட்டன. கையால் தட்டினால் வெற்று ஓசை வரும். இரண்டும் சேர்ந்து ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் காரணம் கூரைமரங்கள் தள்ளுவதோ அஸ்திவாரம் இறங்கியதோ. சாய்வு தடிமனில் ஆறில் ஒரு பங்கை, அதாவது 500 மி.மீ. சுவருக்கு 80 மி.மீ.யை நெருங்கினால், கட்டமைப்புப் பொறியாளர் பார்க்காமல் சாரம்கூடக் கட்டக் கூடாது. வெடிப்புக்கு இரு பக்கமும் சிறு ஆணி அடித்து, மாதம் ஒருமுறை இடைவெளியை அளந்து தேதியோடு குறித்துவைத்தால், ஓராண்டில் அது பழைய வெடிப்பா, நடக்கிற வெடிப்பா என்று தெரிந்துவிடும். பருவத்தோடு விரிந்து சுருங்கி அதே எண்ணுக்குத் திரும்பும் வெடிப்பை விட்டுவிடலாம். ஒரே திசையில் போய்க்கொண்டிருப்பதுதான் கவலை. 5 மி.மீ. தாண்டினால் அளந்துகொண்டு காத்திருக்க வேண்டியதில்லை.

பிரிந்த முகங்களைத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியால் தைக்கலாம். அல்லது ஒவ்வொரு பகுதியாகப் பிரித்து, புதிய பிணைப்புக் கல் வைத்துக் கட்டலாம். நடுவயிறு காலியாகிவிட்டிருந்தால் நீர்த்த சுண்ணாம்புக் குழம்பை ஊற்றி நிரப்புவதுண்டு. கீழிருந்து தொடங்கி, ஒரு நாளைக்கு ஒரு மீட்டர் உயரத்துக்கு மேல் ஏற்றக் கூடாது. குழம்பின் எடையே முகக் கற்களை வெளியே தள்ளிவிடும். வெளியே கசியும் இடுக்குகளை முன்கூட்டியே அடைத்துவைக்க வேண்டும்.

கல் மாற்றும்போது படுகை பார்க்க வேண்டும். மணற்கல்லும் சுண்ணாம்புக்கல்லும் அடுக்கடுக்காகப் படிந்தவை. பூமியில் எப்படிப் படுத்திருந்ததோ அப்படியே சுவரிலும் படுக்க வேண்டும். அடுக்கு வெளியே பார்க்கும்படி நிறுத்திவைத்தால் பக்கம் பக்கமாக உரியும். நிலைக்கு மேலே வளைவு கட்டும்போது மட்டும் அடுக்குகள் அழுத்தத்துக்குக் குறுக்காக இருக்கும்படி ஒவ்வொரு கல்லையும் திருப்ப வேண்டும்.

மரத்தைச் சொல்லாமல் விட முடியாது. ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டிய மரத்தில் பூஞ்சை பிடிக்கும். முதலில் போவது சுவருக்குள் புதைந்திருக்கும் உத்தர முனையும், ஜன்னல் மேலே உள்ள உள்பக்க மரமும். வெளியே கல், உள்ளே மரம் என்று இரண்டு தாங்கிகள் இருக்கும் வீடுகளில் மரம் மக்கியது பூச்சுக்குப் பின்னால் தெரியாது. கூர்முனைக் கம்பியால் குத்திப் பாருங்கள். எதிர்ப்பில்லாமல் இறங்கினால் பூச்சை எடுத்துவிட்டுப் பார்க்க வேண்டும். மாற்றும்போது உத்தர முனையைச் சுற்றி ஒரு விரல் காற்றோட்டம் விடுங்கள். சாந்தால் இறுக்கி மூட வேண்டாம்.

கூரை ஓடுகளில் ஓடு கெடுவதைவிட ஆணி துருப்பிடிப்பதுதான் அதிகம். ஓடுகள் வரிசையாக நழுவினால் ஓட்டைக் குறைசொல்லாமல் ஆணியைச் செம்பு அல்லது துருப்பிடிக்காத எஃகுக்கு மாற்றுங்கள். பயன்படுத்தாத புகைபோக்கியை மேலே காற்று போகும் மூடியாலும், கீழே ஒரு சாளரத்தாலும் திறந்தே வைக்க வேண்டும். இரண்டு முனையையும் அடைத்தால் உள்ளே இருக்கும் கரி ஈரத்தோடு சேர்ந்து பழுப்புக் கறையாக அறைக்குள் வரும்.

உள்தரைக்குப் பிளாஸ்டிக் விரிப்பும் கான்கிரீட்டும் போடுவது இன்னொரு வழக்கமான பிழை. முன்பு தரை முழுவதும் வெளியேறிய ஈரம் இப்போது சுவரோரத்தில் மட்டும் வழி தேடும். பழைய பலகைக்கல் தரை உறுதியாக இருந்தால் இடுக்குகளைச் சுண்ணாம்பால் நிரப்பி அப்படியே விடலாம். புதிதாகப் போட்டே ஆகவேண்டும் என்றால் நுரைக்கண்ணாடி ஜல்லி அடுக்கின்மேல் சுண்ணாம்புக் கான்கிரீட் போடலாம். உள்பூச்சும் சுண்ணாம்பே. அதன்மேல் எண்ணெய், பிளாஸ்டிக் கலந்த பெயின்ட் அடித்தால் செய்த வேலை அத்தனையும் வீண். வெள்ளையடிக்கும் சுண்ணாம்பைப் பால் பதத்துக்குக் கரைத்து, ஒவ்வொரு தடவையும் சுவரை நனைத்து, ஒரு நாள் இடைவெளியில் நான்கைந்து கை அடிக்க வேண்டும். அடிக்கும்போது கண்ணாடி மாதிரி தெரியும், காய்ந்தபின்தான் வெளுக்கும். கெட்டியாகக் கரைத்து இரண்டே கையில் முடித்தால் பொடியாக உதிரும்.

ஆண்டுதோறும் செய்ய வேண்டியது குறைவு. மழைக்கு முன்னும் பின்னும் கால்வாயைத் துப்புரவாக்குவது, ஓடு நழுவியிருக்கிறதா என்று பார்ப்பது, சுவரடியில் மண் சேர்ந்தால் எடுப்பது. சுவரில் படர்ந்த கொடியை, இடுக்கில் முளைத்த செடியை இழுத்துப் பிடுங்க வேண்டாம். வேரோடு கல்லும் வரும். தரைக்குச் சற்று மேலே தண்டை ஒரு சாண் நீளத்துக்கு அறுத்தெடுத்துவிட்டு, மேலே உள்ளது முழுக்கப் பட்டுப்போனபின் கையால் பிரித்து, வேர் இருந்த இடத்தை அதே வாரத்தில் சாந்தால் அடைக்க வேண்டும்.

இப்படிக்கு,
பழங்கட்டடச் சீரமைப்புப் பணியிலிருக்கும் ஒரு வாசகர்